கையெழுத்துப் போடுகிறவள்

எர்வைன், கலிபோர்னியா
மார்ச் 6, 2022

அன்புள்ள செல்மோ அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மேகம் கறுத்தால் அம்மாவின் முழங்கால் முரண்டு பிடிக்கிறது, அவ்வளவுதான். உன் இருமல் விட்டதா?

போனில் அம்மா உன்னிடம் உளறியிருப்பாள். இருந்தாலும் என் கையாலும் ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசை. சால்ட் க்ரீக் கேம் ஸ்டூடியோவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில், ஜன்னலில்லாத அறையில், கேமில் எங்கே ஓட்டை என்று சுவர் சுவராக முட்டிப் பார்க்கிற டெஸ்டராக நுழைந்தவள் நான். அந்தத் தளத்தில் பெண்கள் கழிப்பறைக்குள் பழைய கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்காகத்தான் காலி செய்தார்கள். இன்று அந்தத் தளம் முழுவதும் என் பொறுப்பு.

நியூயார்க்கிலிருந்து முதலாளிகளின் ஆள் பிரெஸ்காட் வந்து விருந்து வைத்தார். "மூணு ஆம்பளைங்க பண்ணி வச்ச குளறுபடி, ஒடீலியா. நீங்கதான் இதக் கரை சேக்கணும்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

இப்போது உன் விஷயம். அடுத்த வருடம் சிறையில் உன் விடுதலை விசாரணைக்கு, வெளியே வந்தால் வேலை உண்டு என்கிற உறுதிக் கடிதம் வேண்டும் என்று உன் வக்கீல் சொன்னாரே, அந்தக் கவலையை விடு. டெஸ்டர் வேலை உனக்கு உண்டு. என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம். இனி இங்கே கையெழுத்துப் போடுகிறவள் நான்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதா துணை.

உன் தங்கை,
ஒடீ

---

ஏப்ரல் 3, 2022

தங்கச்சி ஒடீக்கு,

நான் நல்லா இருக்கேன். இருமல் போயிருச்சு. நீ ஒழுங்கா தூங்குறியா?

போன்ல கிடைக்கிற நேரமெல்லாம் அம்மாவுக்கே சரியாப் போவுது, அதான் உனக்குக் கடுதாசி. உன் சங்கதிய எங்க பிளாக் பூரா தண்டோரா போட்டாச்சு. "கேம் கம்பெனிக்குப் பொம்பள தலைவியா, சும்மா அளக்காத"ங்கறான் பக்கத்து அறை லோனி. "டேய், பத்து வயசுல பீட்சா கடை கேம் மெஷின்ல ஹான்போர்டு பசங்க அத்தன பேரையும் அழ விட்டவடா அவ"ன்னேன். அப்பவும் நம்பல. போடா லூசுன்னு விட்டுட்டேன்.

ஆனா சலவைக்கூடத்துல காவலுக்கு நிக்கிற மேடம் ட்ருஹீயோ ஒண்ணு சொன்னாங்க. "கப்பல்ல தண்ணி ஏறினப்புறம்தான் சுக்கான பொம்பள கையில குடுப்பானுங்க. தங்கச்சிய பாத்து இருக்கச் சொல்லு." அவங்களும் பொம்பளதான், அனுபவத்துல சொல்றாங்க. நீ மனசுல வச்சுக்காத.

இன்னொரு சேதி. அவிலா அண்ணன் எழுதியிருக்காரு. நம்ம அப்பாகிட்ட வேலை பாத்தாரே, அவருதான். இப்ப சொந்தப் பண்ணை வச்சிருக்காராம். வெளிய வந்தா பால் கறக்குற கொட்டகையில வேலை, தங்க ஒரு ரூமும் தர்றேன்னு சொல்றாரு. நல்ல மனுசன். ஆனா என் தங்கச்சி இருக்காளேன்னு நெனச்சேன். சரிதானே?

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அண்ணன்,
அன்செல்மோ

---

எர்வைன்
செப்டம்பர் 18, 2022

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். ஐந்து மாதமாகப் பதில் போடாதவளுக்கு நலம் விசாரிக்க என்ன வாய் இருக்கிறது? திட்டிக்கொள்.

வேலை என்னைத் தின்கிறது. நாங்கள் செய்கிற கேமின் பெயர் 'மூழ்கிய ஊர்'. அணைக்கட்டில் அமிழ்ந்துபோன ஊருக்குள் ஒரு பெண் முக்குளித்து, வீடு வீடாகத் தன் ஆட்களைத் தேடுகிறாள். எனக்கு முன்னால் இருந்த மூவரும் காலத்தை வீணடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஜூனுக்குள் முடிக்க வேண்டுமாம். இன்னும் ஆறு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் சிரிச்சுப் பேசினா என்ன, ஒடீலியா?" என்றார் பிரெஸ்காட். இதே மேசையைத் தட்டிக் கத்தின ஆண்களை இதே மனிதர் "என்ன ஈடுபாடு!" என்று மெச்சியதை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே சனி ஞாயிறும் வரச் சொல்லிவிட்டேன். எல்லோரும் வருகிறார்கள். எனக்காகத்தான் வருகிறார்கள். தலைமை புரொகிராமர் வெண்டல் ஓயாமா என்னோடு ஒரே வாரத்தில் சேர்ந்தவன். அவன் மனைவிக்குப் பிப்ரவரியில் பிரசவம். "ஜூனுக்கப்புறம் பாப்பாவ ஆசை தீரக் கொஞ்சிக்கிறேன், நீ மொதல்ல எங்கள காப்பாத்து" என்று சிரிக்கிறான்.

உன் வேலை உறுதிக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவிலா அண்ணனுக்கு நன்றி சொல்லி விட்டுவிடு. இத்தனை வருடம் கழித்து வெளியே வந்து மறுபடியும் சாணியிலா நிற்பாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒடீ

---

மார்ச் 12, 2023

ஒடீக்கு அண்ணன் எழுதுறது,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பதில் வரல. பரவால்ல, வேலையா இருப்ப. அம்மா போன்ல நல்லாத்தான் பேசுறாங்க. நீ எப்படி இருக்க?

விசாரணைக்கு ஜூன் கடைசியில தேதி குடுத்துட்டாங்க. மனோதத்துவ டாக்டரு வந்து முழுக் கதையையும் மறுபடி சொல்லச் சொன்னாரு. சொன்னேன். இருபத்தொரு வயசுல கூட்டாளிங்க ரெண்டு பேர ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டினேன், அவனுங்க சாராயக் கடைக்குள்ள போனானுங்க, நான் இஞ்சின அணைக்காம வெளிய உக்காந்திருந்தேன், உள்ள கடைக்காரர் செத்துப் போனாரு. "சுட்டது நீ இல்லையே"ன்னாரு. "நான் வண்டிய எடுக்காம இருந்திருந்தா அவரு உசுரோட இருப்பாரு"ன்னேன். அதத்தான் எழுதிக்கிட்டாரு.

டிவியில கேம் கம்பெனிங்க ஆளுங்கள வேலைய விட்டு அனுப்புறதா காட்டுறான். உன் இடத்துல ஒண்ணும் இல்லையே? ஏன் கேக்குறேன்னா, வக்கீலு ரெண்டாவது வேலை ஒண்ணும் கையில இருக்கட்டும்ங்கறாரு. அவிலா அண்ணனுக்கு நான் இன்னும் முடிவா எதுவும் சொல்லல. மே மாசத்துக்குள்ள சொல்லு, இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்னு எழுதியிருக்காரு. உன் கடுதாசிய நம்பாத மாதிரி ஆயிடுமோன்னு யோசனையா இருக்கு. சரின்னு எழுதட்டுமா? ஒரு வரி போடு, போதும்.

மாதா உன்கூட இருக்கட்டும்.

அண்ணன்

---

எர்வைன்
ஏப்ரல் 16, 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். ஈஸ்டருக்கு ஹான்போர்டு போயிருந்தேன். அம்மா முட்டை வைத்த இனிப்பு ரொட்டி சுட்டாள். ஒரு பக்கம் கருகிவிட்டது. அடுப்பைத் திட்டினாள், கடைக்காரனைத் திட்டினாள், கடைசியில் என்னையும் திட்டினாள். திருவிழாவுக்குப் புதுப் பட்டுச் சால்வை வாங்கியிருக்கிறாள். "செல்மோ வந்ததும் அவங்கூட ஊர்வலத்துல போவேன்" என்கிறாள்.

வெண்டலுக்குப் பெண் குழந்தை. போட்டோவை எல்லோருக்கும் காட்டினான். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

கேம் அழகாக வந்திருக்கிறது, அண்ணா. தண்ணீருக்குள் மாதா கோயில் மணி ஒன்று அசைகிற காட்சி. ஓசையே கிடையாது. அதை முதல்முறை ஓட்டிப் பார்த்ததும் எல்லோரும் மறுபடி ஓட்டச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல வேலையை நாங்கள் செய்ததில்லை.

சில நாள் அலுவலகத்துக்கு வந்தும் காரிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அலுப்புத்தான், வேறொன்றுமில்லை. இந்த வருடம் மழை அதிகம். மலையெல்லாம் மஞ்சள் பூ.

நன்றாகத் தூங்கு.

ஒடீ

---

மே 14, 2023

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சொகம். அன்னையர் தினத்துக்கு அம்மாகிட்ட பேசிட்டேன். பூ அனுப்பியிருக்கியாமே, சந்தோசப்பட்டாங்க.

உன் கடுதாசிய நாலஞ்சு தடவ படிச்சேன். நான் கேட்டதுக்கு மட்டும் பதிலே இல்ல. அப்பதான் மண்டையில உறைச்சுது. கோச்சுக்கிட்டே இல்ல? நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுக்கப்புறமும் நான் இன்னொருத்தர் வாசல்ல நின்னா உனக்கு எப்படி இருக்கும்? சின்னதுலயே உனக்கு ரோசம் ஜாஸ்தி. மன்னிச்சுக்கோடி.

அவிலா அண்ணனுக்கு எழுதிட்டேன். "என் தங்கச்சியே ஒரு கம்பெனிக்குத் தலைவியா இருக்கா, அவகிட்டயே சேந்துக்கிறேன், உங்க மனசுக்கு ரொம்ப நன்றி"ன்னு. வக்கீலு முணுமுணுத்தாரு. "என் தங்கச்சிய உங்களுக்குத் தெரியாது சார்"னுட்டேன்.

இப்ப சந்தோசமா? கோவத்த விட்டுட்டு எழுது.

செல்மோ

---

எர்வைன்
ஜூன் 11, 2023

அன்புள்ள அண்ணா,

நலம். கோபமெல்லாம் இல்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம்?

விசாரணையில் நிதானமாகப் பேசு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நிமிர்ந்து உட்கார். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நிறைய எழுத நினைத்தேன். முடியவில்லை.

ஒடீ

---

ஜூலை 2, 2023

ஒடீலியாவுக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்ல.

நடந்தத எழுதுறேன். இப்பல்லாம் விசாரணை திரையிலதான். விடுதலைக் குழுவுல ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும், இன்னொரு சதுரத்துல கடைக்காரரோட மக. ஒவ்வொரு தடவையும் வருவாங்க, "இவர விடக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. இந்தத் தடவ அவங்க, "எனக்கும் அலுத்துப் போச்சு. அவரு மாறியிருந்தா விட்டுடுங்க. நான் தடுக்கல"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு.

அப்புறம் வேலைப் பேச்சு வந்துது. குழு அம்மா உன் கடுதாசியப் படிச்சாங்க. பக்கத்துல இருந்த கம்ப்யூட்டரப் பாத்தாங்க. "மிஸ்டர் சில்வெய்ரா, இந்த ஸ்டூடியோவ முந்தாநாள் மூடிட்டதா செய்தி வந்திருக்கே. உங்களுக்குத் தெரியுமா?"

"தப்பான செய்தியா இருக்கும், மேடம்"னேன்.

"நாலு எடத்துல போட்டிருக்காங்க."

"அங்க தலைவியே என் தங்கச்சிதான் மேடம். அப்படி ஒண்ணு நடந்தா என்கிட்ட சொல்லாம இருக்க மாட்டா."

வக்கீலு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "வேற வேலை ஏதாச்சும் கையில இருக்கா?"ன்னாங்க. இருந்துச்சு, வேணாம்னு எழுதிட்டேன்னு சொன்னேன். அந்த ஐயா என்னைப் பாத்த பார்வை இருக்கே. திட்டினாக்கூடத் தாங்கியிருப்பேன்.

மூணு வருசம் தள்ளிட்டாங்க. வெளிய போய்ப் பொழைக்கிறதுக்கு நம்பிக்கையான ஏற்பாடு இல்லையாம், சொன்னது சரியான்னு பாக்காமலே அடிச்சுப் பேசுறேனாம். போன வருசம் சாப்பாட்டு வரிசையில நடந்த சண்டையையும் சேத்துக்கிட்டாங்க. அதனால உன்னால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்கு எப்பத் தெரியும்?

அன்செல்மோ

---

எர்வைன்
ஜூலை 16, 2023

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு அருகதை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

மார்ச் முதல் வாரத்தில் தெரியும். நீ 'ஒரு வரி போடு' என்று எழுதியது என் கைக்கு வந்தபோது தெரியும்.

பிரெஸ்காட் என்னை மட்டும் நியூயார்க்குக்கு அழைத்தார். ஜூனில் ஸ்டூடியோவை மூடுகிறோம் என்றார். கேமை முடித்துக் கொடுத்தால் வேறு கம்பெனிக்கு விற்கலாம், அதுவரை ஒருவருக்கும் தெரியக் கூடாது, வெளியே கசிந்தால் அன்றைக்கே மூடிவிடுவோம், ஆட்களுக்குச் சம்பளம் போட்டு அனுப்புகிற பேச்சே கிடையாது என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். அந்த நூற்றுச் சொச்சம் பேருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் கடிதங்களைப் பிரித்துப் படித்துத்தானே உன்னிடம் கொடுக்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அதெல்லாம் பொய் என்று உனக்கும் தெரியும். 'அவிலா அண்ணனிடம் சரி என்று சொல்' என்று எழுதியிருந்தால் போதும். காரணமே சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியை ஏப்ரலில் எழுதினேன். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அதை நீ படித்தால் என் கையெழுத்துக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது செய்து ஸ்டூடியோவைக் காப்பாற்றிவிடலாம், உனக்கு எதுவுமே தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். மே மாதம் நீ மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் நேரம் இருந்தது. நான் அவிலா அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் இருபதாம் தேதி எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். பிரெஸ்காட் திரையில் வந்து வாசித்தார். கேமை யாரும் வாங்கவில்லை. கணக்கில் நஷ்டமாகக் காட்டிவிட்டு அழித்துவிடப் போகிறார்களாம். சொன்ன சம்பளத்திலும் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியதை மட்டும்தான் கொடுத்தார்கள். இருபது வருடம் வேலை பார்த்தவர்களின் அடையாள அட்டை பத்து மணிக்குச் செத்துப்போனது. கதவு திறக்காமல் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

வெண்டல் என் அருகில் வந்தான். "உனக்கு எப்பத் தெரியும், ஒடீ?" என்றான். நீ கேட்ட அதே கேள்வி. சொன்னேன். "என் பொண்ணுக்கு நாலு மாசம் ஆச்சு. அவ முழிச்சிருக்கறப்ப நான் பாத்தது ரொம்பக் கொஞ்சம்" என்றான். கத்தவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். வேறொருத்தி மட்டும், "அடுத்த பதவி எங்க, மேடம்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

அவள் கேட்டது வீண்போகவில்லை. சியாட்டில் கம்பெனி ஒன்று போன வாரம் கூப்பிட்டது. ஒரு ஸ்டூடியோவைச் சத்தமில்லாமல் மூடத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டுமாம். யோசிக்கிறேன் என்றேன். இனி உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். போவேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது.

மன்னிப்பு என்று எழுத இந்தக் கை துணியவில்லை.

ஒடீ

---

ஆகஸ்ட் 6, 2023

ஒடீ,

கடுதாசி வந்துது. படிச்சேன்.

உன்னை வைய நெனச்சு உக்காந்தேன். வரல. இஞ்சின அணைக்காம வண்டியில சும்மா உக்காந்திருந்தவன் நானு. அதனால உன்னைப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல. ஆனா உன் எழுத்த இப்பப் பாக்க முடியல. கொஞ்ச காலம் எழுதாத. எழுதினா பதில் வராது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தேதி தள்ளிப் போயிருக்குன்னு போன்ல சொல்லி வச்சிருக்கேன். ஒவ்வொரு வாரமும் "எப்படா, எப்படா"ன்னு கேக்குறாங்க. என்னால முடியல. நீ நேர்ல போய்ச் சொல்லு. போன்ல சொல்லாத. நேர்ல.

அன்செல்மோ

---

ஹான்போர்டு
செப்டம்பர் 10, 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். நீ கொடுத்த வேலையை முடித்தேனா என்று உனக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக மட்டும் எழுதுகிறேன். பதில் வேண்டாம். ஊர் எல்லைப் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் வருகிறேன் என்றதும் அம்மா மாட்டிறைச்சி போட்டு, ரொட்டிமேல் ஊற்றுகிற சோப்பாஸ் குழம்பு வைத்திருந்தாள். புதினா வாசனை தெருவரைக்கும் வந்தது. மேசையில் இரண்டு தட்டு. நல்ல செய்தி என்று நினைத்திருப்பாள். பேச்சுக்கு முன்னாலேயே, "தேதி வந்துருச்சா?" என்றாள்.

மூன்று வருடம் தள்ளிவிட்டார்கள் என்றேன்.

"ஏன்? அந்தக் கடைக்காரரோட மக தடுத்துட்டாளா?"

"இல்லம்மா. அவங்க விடச் சொன்னாங்க."

"அப்புறம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச், ஏப்ரல், மே, அவிலா அண்ணன், நான் கிழித்துப் போட்ட தாள், ஒன்றையும் விடவில்லை. அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "அவிலா வீட்ல போன மாசந்தான் வேற ஆள வச்சாங்க" என்றாள். பிறகு, "மூணு வருசம் கழிச்சு எனக்கு எண்பத்திரெண்டு" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது. எழுந்து அடுப்பை அணைத்தாள். மேசைக்கு வந்தாள். என் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள், துணியால் ஒருமுறை துடைத்தாள், அலமாரியில் மற்றத் தட்டுகளோடு வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இருட்டறதுக்குள்ள மலைப்பாதையத் தாண்டிடு" என்றாள். "லாரி நெறைய வரும்."

உச்சி வெயில், அண்ணா. இருட்ட எவ்வளவோ நேரம் இருந்தது.

வண்டியை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் வாசலுக்கு வரவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒடீலியா